நெஞ்சுப் பாரமும் நாற்பது நிமிடமும்

கேள்வி: சென்ற மாதம் ஓரிரவு, 67 வயதான என் தகப்பனாருக்கு நெஞ்சில் பாரமும் கடும் வியர்வையும் ஏற்படவே, ஓட்டோவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். எங்களுக்குப் பின்னால் வந்த இருவரை முதலில் உள்ளே எடுத்தார்கள். நாங்கள் நாற்பது நிமிடம் வாங்கிலேயே இருந்தோம். வாசலில் தாதி விசாரித்தபோது, "வாய்வுக் குத்து, வேர்க்கொம்பு அவித்துக் குடித்தனான்" என்று அப்பா சொன்னதுதான் காரணமா? 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்திருக்க வேண்டுமா?
(வாசகர் ஒருவர், கோப்பாய்)

பதில்: அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த ஒழுங்கின்படி பார்ப்பதில்லை. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், உணர்வு நிலை ஆகியவற்றைக் கொண்டு, தாமதம் யாருக்கு ஆபத்தோ அவரையே முதலில் எடுப்பார்கள் என்பதால், பின்னால் வந்தவர் முந்தியதை மட்டும் வைத்துக் குறைகூற முடியாது. ஆனால் நெஞ்சுப் பாரத்தோடு வியர்த்து வருகின்ற ஒருவருக்கு, அவர் அதை வாய்வு என்று சொன்னாலும்கூட, வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதே மருத்துவ நடைமுறை. ஆகவே உங்களைக் காக்க வைத்தது தவறுதான். திகதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு அந்த வைத்தியசாலையின் பொறுப்பதிகாரிக்கு எழுதுங்கள்.

நம்மவர் பழக்கம் ஒன்றும் இதில் இருக்கிறது. வீட்டில் இரவிரவாக அனுங்கும் பெரியவர்கள், வைத்தியரைக் கண்டதும் வருத்தத்தைப் பாதியாக்கிச் சொல்வார்கள். (என் மாமியார் மூச்சு வாங்க வாங்க "ஒண்டுமில்லைத் தம்பி" என்பார்.) ஆகவே கூடப் போகிறவர்தான் பேச வேண்டும். நோயின் பெயரை நாம் வைக்காமல், எத்தனை மணிக்குத் தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவியதா, வியர்த்ததா, சத்தி எடுத்தாரா என்று கண்டதை மட்டும் சொன்னால் போதும். சீனி வருத்தம் உண்டென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோ இல்லாமலே மாரடைப்பு வருவதுண்டு.

1990ஐ அழைத்திருக்கத்தான் வேண்டும். 2018 யூலையில் வடக்குக்கு வந்த இந்தச் சேவை முற்றிலும் இலவசமானது. பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியிலேயே நோயாளியைக் கவனிக்கத் தொடங்குவார், ஓட்டோவில் அது நடக்காது. நம்முடைய ஒழுங்கைகளுக்குள் இரவில் வீடு கண்டுபிடிப்பதுதான் கரைச்சல். அருகிலுள்ள கோயிலையோ சந்தியையோ அடையாளம் சொல்லிவிட்டு, ஒருவர் ரோர்ச்சுடன் ஒழுங்கை முகப்பில் நிற்கட்டும். மற்றவர் அதற்குள் படலையைத் திறந்து வைத்து, கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் எடுத்துக்கொள்ளலாம்.