விடை சரி, வேலை இல்லை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு சிறிய புதுச்சேரி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பொறியாளர். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். போன மாதம் பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேடும் கேள்வி. இருபது நிமிடம் குனிந்த தலை நிமிராமல் எழுதி, சரியான விடையைக் கொடுத்தேன். "நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று தெரியவில்லை" என்று நிராகரித்துவிட்டார்கள். இன்னும் முந்நூறு புதிர்கள் போட்டுப் பழகட்டுமா? அங்கெல்லாம் ஆளைப் பிழிந்துவிடுவார்கள் என்று அப்பா தடுக்கிறார். உண்மையா?

க., கடலூர்

அன்புள்ள தம்பி,

முந்நூறு புதிர்கள் வேண்டாம். உங்களைக் கவிழ்த்தது அந்த இருபது நிமிட மௌனம்.

விடை முழுதாகத் தெரிந்தால்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று நம் வகுப்பறைகள் பழக்கிவிட்டன. பாதி விடை சொன்ன பையனுக்கு அங்கே கிடைத்தது திட்டுதான். நேர்காணல் எடுப்பவரோ காதில் விழுந்ததை வைத்துத்தான் குறிப்பு எழுத முடியும். கூகுளில் அந்தக் குறிப்புகளைப் படித்து முடிவெடுத்தது, விண்ணப்பித்தவரின் முகத்தையே பார்க்காத ஒரு குழு.

உங்களுக்கு வந்த கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நடுவைப் பார்த்து, தேவையில்லாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும் முறை. எளிதாகத் தோன்றும் இதில், ஜாவா என்ற நிரல்மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் நூலகத்திலேயே ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பதுங்கிக் கிடந்து, 2006இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இரு முனைகளின் இட எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு கிடைக்கும். பட்டியல் மிகப் பெரிதாகி அந்தக் கூட்டுத்தொகை சுமார் 214 கோடியே 74 லட்சத்தைத் தாண்டினால், ஜாவாவின் வழக்கமான முழு எண்ணில் கொள்ளாமல் எதிர்ம எண்ணாகிவிடும். முனைகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ்முனையோடு கூட்டினால் சிக்கல் தீர்ந்தது. நீங்கள் அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் "இங்கே கூட்டுத்தொகை எல்லை மீறலாம், அதனால் இப்படி எழுதுகிறேன்" என்று சொல்லாதவரை, அது மனப்பாடமா புரிதலா என்று எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எழுதத் தொடங்கும் முன்பே கேளுங்கள்: பட்டியல் காலியாக இருக்கலாமா, ஒரே எண் இருமுறை வருமா, எவ்வளவு பெரிது?

பழகுவதற்கு ஒரு நண்பர் போதும். சில்வர் பீச்சில் உட்கார்ந்து முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். யோசனை தடையில்லாமல் வாய்க்கு வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும், தமிழ்வழியில் படித்ததற்காகக் கூச வேண்டியதே இல்லை. பஸ் கன்னியக்கோயிலிலிருந்து அரியாங்குப்பம் போவதற்குள் ஒரு கேள்வியை மனத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம்.

அமேசான் போன்ற இடங்களில் பழைய வேலை அனுபவத்தையும் துருவுவார்கள். அவர்களுக்கென்று 16 தலைமைக் கொள்கைகள் உண்டு, கேள்விகள் அவற்றை ஒட்டியே வரும். உங்களிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. பில்லிங் நின்றுபோய், டிஸ்சார்ஜ் ஆக வேண்டிய நோயாளிகள் கவுன்ட்டர் முன் காத்திருந்த நாள் ஒன்றாவது இந்த நான்கு ஆண்டுகளில் வந்திருக்கும். எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், உங்கள் கையால் செய்தது என்ன, மறுபடி நேராமலிருக்க எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். அடக்கம் கருதி எல்லாப் பெருமையையும் குழுவின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

அப்பாவின் பயம் வீண் பயம் அல்ல. பெரிய நிறுவனங்களில் முறை வைத்து இரவுக் காவல் உண்டு. சேவை விழுந்தால் போன் அடிக்கும், எழுந்து சரிசெய்ய வேண்டும். ஆனால் ஒரே நிறுவனத்திலும் குழுவுக்குக் குழு நிலைமை வேறு. கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட வழிமுறைகளில், ஒருவரின் 12 மணி நேரக் காவல் பணியில் இப்படி இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக்கூடாது என்ற அளவு இருக்கிறது. நேர்காணலின் முடிவில் உங்களுக்குக் கேள்வி கேட்க நேரம் தருவார்கள். போன மாதம் இரவில் எத்தனை முறை போன் அடித்தது, விழித்தவருக்கு மறுநாள் ஓய்வு உண்டா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அப்பா பேச்சைக் கேட்பது நல்லது.

பல நிறுவனங்களில் சில மாதங்கள் கழித்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அங்கே எத்தனை மாதம் என்று உங்களை அழைத்த அதிகாரிக்கே இன்று ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.