நெஞ்சு இடித்தால் எல்லாம் ஆபத்தா?

கிளிநொச்சியில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் நான்கு.

கேள்வி: அறிவியல்நகர் வளாகத்துக்குப் புதிது. விடுதி அறையில் மற்ற மூவரும் சிங்களப் பிள்ளைகள். சிரித்தால் என்னைப் பற்றித்தானோ என்று இருக்கிறது. அறையை மாற்றட்டா அக்கா?

பதில்: பொறுங்கள் தங்கச்சி. யாரும் வழி மறித்தார்களா, உங்கள் சாமானில் கை வைத்தார்களா? இல்லையென்றால் அது மொழி விளங்காத கூச்சம். ஒரு பிளேன்டீயோடு பாதி கரையும்.

கேள்வி: நுண்கடன் காசு வாங்க வரும் தம்பி இரவு 7.30க்குத்தான் வருவார். விறாந்தையில் இருந்து அரை மணித்தியாலம் கதைப்பார். வீட்டுக்காரர் கட்டாரில்; நானும் மகளும்தான். பிழையாக ஒன்றும் கதைக்கவில்லை. நான்தான் கூட யோசிக்கிறேனா?

பதில்: இல்லை. அவர் என்ன கதைத்தார் என்பதை விடுங்கள். நீங்கள் மறுத்தால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "பகலில் வாங்கோ தம்பி, படலையடியில் காசு தாறன்" என்று சொல்லுங்கள். "சரி அக்கா" என்று மாறினால் அது வெறும் சங்கடம், முடிந்தது. சிரித்துக்கொண்டே மறுகிழமையும் இருட்டில் வந்தாலோ, "அப்ப முழுக் கடனையும் கட்டுங்கோ" என்றாலோ, மகளின் ரியூசன் நேரத்தை விசாரித்தாலோ, அது வேறு கதை. பக்கத்து வளவு ஆச்சியைக் கூட இருத்துங்கள். வந்த திகதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் சொல்லலாம், பெண்கள் உதவி இலக்கம் 1938க்கும் எடுக்கலாம். கதவைத் தட்டி நின்றால் யோசிக்காமல் பொலிஸுக்கு, 119. கடன் பட்டது காசுக்கு. கதிரை போட்டு உபசரிக்க இல்லை.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலில் யாரோ சீனவெடி கொளுத்த, அம்மா மணலில் குப்புறப் படுத்துவிட்டார். 2009இல் போர் முடிந்து இவ்வளவு காலமாகியுமா?

பதில்: பங்கருக்குள் பாய்ந்து தப்பிய உடம்பு, யோசிக்கும் முன்னமே படுத்துவிடும். அந்த இடத்தில் ஆபத்து இல்லை, ஆனால் அம்மாவின் பயம் நடிப்பும் இல்லை. ஒருவரையும் சிரிக்க விடாதீர்கள். பக்கத்தில் குந்தி, "அம்மா, கோயிலடியில நிக்கிறம், பெடியள் வெடி கொளுத்தினவங்கள்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். நித்திரை கெட்டுக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்குள் மாடு போகிறது. நானே போய்ச் சாய்த்து வருகிறேன். எனக்கு ஒரு பயமும் இல்லை.

பதில்: அண்ணை, வயிற்றைக் கலக்கியது உங்கள் கேள்விதான். பயம் வராதது பழக்கத்தால். மிதிவெடி எத்தனை வருடம் கழித்தும் வெடிக்கும். மாடு மிதிக்காத இடத்தில் உங்கள் கால் படலாம். வெளியே நின்று கூப்பிடுங்கள். வராவிட்டால் மாடு போகட்டும்.