நலம் கேளுங்கள்: டூலா தேவையா?

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். அம்மா உயிரோடு இல்லை. தனியார் மருத்துவமனையில் பார்க்கிறோம். துணைக்கு ஒரு டூலாவை (பிரசவத்தின்போது கூடவே இருந்து தைரியம் தரப் பயிற்சி பெற்ற பெண்) வைத்துக்கொள்ள ஆசை. "டாக்டர், நர்ஸ் எல்லாம் இருக்கும்போது எதற்குத் தண்டச் செலவு?" என்கிறார் அத்தை. பயன் உண்டா சிஸ்டர்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தண்டச் செலவு இல்லைம்மா. நான் அரசு மருத்துவமனை லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். ராத்திரி டியூட்டியில் ஒரு கட்டிலில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்து எழுதும்போதே அடுத்த கட்டிலில் தலை தெரிய ஆரம்பித்துவிடும். வலியில் துடிக்கிற பெண் பக்கத்தில் உட்கார எங்களுக்கு ஏது நேரம்?

டூலாவுக்கு அதுதான் வேலையே. ஊசி போடுவது, உள்பரிசோதனை எல்லாம் அவர் செய்யக்கூடாது. வலி கண்டதிலிருந்து பிள்ளை பால் குடிக்கிற வரைக்கும் கூடவே இருப்பார். வலி ஏறும்போது அடிமுதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிப்பார். வலி விட்டதும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, மெல்ல நடக்க வைப்பார். முதுகுப் பக்கம் வலி எடுக்கிறவர்களுக்கு அந்த அழுத்தம் எவ்வளவு ஆறுதல் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்தது. விடாமல் ஒருவர் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது என்று தெரிந்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன், தனியாரில் 64. அத்தையிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அதற்காக, டூலா இருந்தால் ஆபரேஷனே வராது என்று நம்பிவிட வேண்டாம். டாக்டர் சொல்வதைக் கேட்காதே என்று சொல்லிக்கொடுக்கிற டூலா நமக்கு வேண்டவே வேண்டாம்.

கையில் காசு இல்லையென்றால், பிள்ளை பெற்ற அக்காவோ சித்தியோ பயப்படாதவராக இருந்தால் போதும். அரசு மருத்துவமனைகளில் அப்படி ஒரு பெண்ணைத் துணைக்கு விடுகிறார்கள்.

உங்கள் மருத்துவமனையில் டூலாவை உள்ளே விடுவார்களா, கணவரும் கூட இருக்கலாமா, ஆபரேஷன் தியேட்டருக்குப் போனால் யார் வரலாம் என்று இப்போதே கேளுங்கள். அன்றைக்கு டூலாவுக்கு வேறு பிரசவம் வந்துவிட்டால் மாற்று ஆள் யார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்கு அத்தையையும் அழைத்துப் போங்கள். பத்தியச் சாப்பாடு, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் எப்படியும் அவர் பொறுப்புதானே. யார் எதைப் பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.