சம்பளத்தில் 20% வெட்டு: பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: குன்னூரில் ஒரு ரிசார்ட் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 13 வருடமாக வேலை செய்கிறேன். வயது 41. வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லி, மேனேஜர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் இந்த மாதத்திலிருந்து 20 சதவீதம் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். 45,000 ரூபாய் 36,000 ஆகிவிட்டது. பி.எஃப். 1,800 போகக் கைக்கு 34,200. பழைய அடிப்படைச் சம்பளம் 22,500. மனைவி வீட்டிலேயே தைத்து மாதம் 8,000 சம்பாதிக்கிறார். மகள் ஏழாவது படிக்கிறாள். வீட்டுக் கடன் பாக்கி 11 லட்சம் (9 சதவீதம், இன்னும் 10 வருடம், இ.எம்.ஐ. 13,930). பெர்சனல் லோன் பாக்கி 1.8 லட்சம் (14 சதவீதம், இன்னும் 3 வருடம், இ.எம்.ஐ. 6,150). 1 லட்ச ரூபாய் கம்பெனிச் சீட்டு 20 மாதத்தில் 11 கட்டியாயிற்று, கழிவு போக மாதம் 4,500 வருகிறது. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 3,000. எல்.ஐ.சி. மூன்று மாதத்துக்கு 6,000. பள்ளி, பஸ் 4,000. வீட்டுச் செலவு 12,000. பெட்ரோல், போன், கரண்ட் 4,000. வங்கியில் டெபாசிட் 60,000, பி.எஃப்.பில் 4.1 லட்சம் இருக்கிறது. பி.எஃப். பணத்தில் பெர்சனல் லோனை முடித்துவிடலாமா? அல்லது வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கே போய்விடலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: பி.எஃப்.பைத் தொடாதீர்கள். வேறு வேலைக்கான ஆர்டர் கையில் வராமல் மலையை விட்டு இறங்கவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் எச்.ஆரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். குறைத்தது அடிப்படைச் சம்பளத்திலா, படிகளிலா? எத்தனை மாதத்துக்கு? பிடித்த பணம் பின்னால் திரும்ப வருமா, போனது போனதுதானா? இந்த மூன்றும் எழுத்தில் வேண்டும். பெரும்பாலோர் சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுப் பெருமூச்சோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் 13 வருடம் வேலை பார்த்தவருக்கு இதில்தான் பெரிய பணம் இருக்கிறது.

வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டியைக் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 22,500ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 13ஆலும் பெருக்கினால் 1,68,750 ரூபாய். அடிப்படையிலேயே 20 சதவீதம் வெட்டி 18,000 ஆக்கிவிட்டால் அதே கணக்கு 1,35,000 என்று வரும். வெட்டு நடப்பில் இருக்கும்போது நீங்களாக விலகினாலும் சரி, அவர்கள் அனுப்பினாலும் சரி, 33,750 ரூபாய் நஷ்டம். விடுப்பைப் பணமாக்கும்போதும் இதே அடி விழும். அதனால் முழு 9,000ஐயும் படிகளில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். அப்படிச் செய்தாலும் அடிப்படை மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேலேயே நிற்கும், நிறுவனத்துக்கும் அந்த மாதச் செலவு அதேதான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இறுதிக் கணக்கு பழைய அடிப்படையில்தான் போடப்படும் என்று ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட நாலு பேர் சேர்ந்து கேட்பது நல்லது. பழைய சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு இன்னொரு இடத்தில் சம்பளம் பேசும்போது, 36,000 வெட்டுக்குப் பிறகு வந்த தொகை என்று காட்ட அவை வேண்டும். குரூப் மருத்துவக் காப்பீடு தொடர்கிறதா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். செலவைக் குறைக்கும் நிறுவனங்கள் அதிலும் கை வைப்பதுண்டு.

அடுத்தது குடும்பக் கணக்கு. இப்போது வரவு 42,200. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 49,580, எல்.ஐ.சி.க்கு மாதம் 2,000 என்று வைத்து. துண்டு விழுவது 7,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று மேனேஜர் சொல்லியிருக்கலாம். நல்லதுதான், ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த வேண்டாம். 36,000தான் இனிச் சம்பளம் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. 2025 ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. இதோடு மந்தமும் சேரும்போது ஒரு நல்ல சீசன் வந்தாலும் பழைய சம்பளம் உடனே திரும்பும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்திவையுங்கள். இது ரத்து இல்லை, தற்காலிக நிறுத்தம்தான். பெரும்பாலான ஃபண்டுகளில் இந்த வசதி உண்டு. இதில் 3,000 மிச்சம். ஏற்கெனவே சேர்ந்த யூனிட்களை விற்காதீர்கள்.

அப்புறம் வீட்டுக் கடன். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2025இல் மட்டும் 6.50லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. உங்கள் வட்டி இன்னும் 9இலேயே நிற்கிறது என்றால், அது வங்கி தன் செலவை வைத்து வட்டி நிர்ணயிக்கும் பழைய எம்.சி.எல்.ஆர். கடனாக இருக்கலாம். கிளைக்குப் போய் ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். சிறு கட்டணம் இருக்கும். 1 சதவீதம் குறைந்தாலே இ.எம்.ஐ.யில் கிட்டத்தட்ட 600 ரூபாய் குறையும். அதற்கு வழியில்லை என்றால் காலத்தை 10 வருடத்திலிருந்து 15 ஆக நீட்டலாம். 9 சதவீதத்திலேயே இ.எம்.ஐ. 11,160 ஆகிவிடும், மாதம் 2,770 மிச்சம். இதற்கு விலை உண்டு: 15 வருடமும் அப்படியே கட்டினால் வட்டியாக 3.3 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். சம்பளம் திரும்பிய மாதமே இ.எம்.ஐ.யைப் பழைய அளவுக்கு ஏற்றிவிடுவேன் என்ற உறுதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன், இது சிபில் பதிவில் ‘ரீஸ்ட்ரக்சர்டு’ (கட்ட முடியாமல் மாற்றியமைத்த கடன்) என்று ஏறுமா என்று வங்கி மேனேஜரிடம் கேளுங்கள். ஏறும் என்றால் வட்டியை மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, வீட்டுச் செலவில் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். எதுவானாலும் ஒரு தவணை தவறுவதற்கு முன்னாலேயே வங்கிக்குப் போய்விட வேண்டும். தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இந்த இரண்டிலும் 5,770 வந்துவிட்டது. மீதி 1,600 ரூபாய்தான். 12,000 வீட்டுச் செலவிலும் 4,000 பெட்ரோல், போனிலும் அதைத் தேடுவது கஷ்டம்தான், ஆனால் முடியும். மழைக்காலத்தில் கீசரும் ஹீட்டரும் ஏற்றிவிடும் கரண்ட் பில்லை முதலில் பாருங்கள்.

இப்போது பி.எஃப்.புக்கு வருவோம். 14 சதவீதக் கடனை, 8.25 சதவீதம் தரும் பணத்தை வைத்து அடைப்பது காகிதத்தில் லாபம்தான். அந்தக் கடனுக்கு இனிக் கட்டப்போகும் வட்டி சுமார் 41,500 மிச்சமாகும். ஆனால் 1.8 லட்சத்தை 58 வயதுவரை அங்கேயே விட்டால், இதே வட்டி நீடிக்கும் பட்சத்தில் அது 6.9 லட்சம் ஆகும். மிச்சமாகும் 6,150ஐ மாதாமாதம் திரும்பச் சேமித்தால் ஈடுகட்டலாம் என்பீர்கள். இன்றைய நிலையில் அது சேமிப்புக்குப் போகாது, மளிகைக்குப் போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வேலையே போய்விட்டால் பி.எஃப்.பில் 75 சதவீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. அந்த நாளில் உங்களுக்கு இருக்கும் பெரிய தொகை இதுதான். அதை இன்று கடன்காரரிடம் கொடுத்துவிட்டால் அன்றைக்கு யாரிடம் போவீர்கள்?

பெர்சனல் லோனை அடைக்க உங்களிடம் வேறு பணம் இருக்கிறது, உங்கள் சீட்டு. இன்னும் 9 தவணை. ஏலத்தில் தள்ளி (தொகையைக் குறைத்துக் கேட்டு) எடுக்காமல் கடைசிவரை இருந்தால், கமிஷனும் வரியும் போக 90,000க்கு மேல் கைக்கு வரும். அந்தச் சமயத்தில் பெர்சனல் லோன் பாக்கி 1.42 லட்சமாகக் குறைந்திருக்கும். 90,000ஐ அப்படியே அதில் கட்டினால் சுமார் 52,000தான் நிற்கும். முன்கூட்டி அடைக்க எவ்வளவு கட்டணம் என்று மட்டும் முதலிலேயே விசாரித்துவையுங்கள். சீட்டுப் பணம் மாதம் 4,500ம் அதோடு நின்றுவிடும். நடுவில் சீட்டுக் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். கழிவும் போய், கட்டிய பணத்துக்கும் காத்துக் கிடக்க வேண்டிவரும்.

60,000 டெபாசிட் ஒன்றரை மாதச் செலவுக்குக்கூட முழுதாகப் போதாது. அதனால்தான் அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆப்பில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். ஊரில் வட்டிக்கு விடுபவரிடமும் வேண்டாம். அவசரம் வந்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள்.

கோவை விஷயம். அங்கே 42,000 கிடைத்து 12,000 வாடகை கொடுத்தால், சொந்த வீட்டில் இருந்துகொண்டு இங்கே வாங்கும் 36,000ஐவிடக் குறைவுதான் மிஞ்சும். குன்னூர் வீட்டை வாடகைக்கு விட முடிந்தால் கணக்கு மாறும். வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள், தேடுவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்ததைப் பார்த்தவர்கள் நம் மலையில் நிறையப் பேர். ஒரு நிறுவனம் தடுமாறுவதைக் கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களால் மற்றவர்களுக்கு முன்பே பார்க்க முடியும். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் பி.எஃப். பணம் செலுத்தப்பட்டாக வேண்டும். உங்கள் பாஸ்புக்கில் அந்த வரவு ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் சீட்டை அடுத்த ஏலத்திலேயே கொஞ்சம் தள்ளியாவது எடுத்து டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். எடுக்க ஜாமீன் கேட்பார்கள், ஆளை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.