பிள்ளை ஆடுகிறது, பெற்றோர் என்ன செய்வது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் 10 வயது மகள் பாட்மிண்டன் ஆடுவதைப் பார்க்கையில் பூரித்துப் போகிறேன். ஆனால் போட்டியில் ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். இது சரிதானா?

பதில்: எப்போது திரும்புகிறாள் என்று கவனியுங்கள். நல்ல அடிக்குப் பிறகு சிரித்துக்கொண்டே பார்த்தால் சந்தோஷத்தைப் பகிர்கிறாள், தடுக்க வேண்டாம். பந்து வலையில் விழுந்ததும் பார்த்தால், அம்மாவுக்குக் கோபமா என்று தேடுகிறாள். எதிராளி எங்கே நிற்கிறாள், அடுத்த சர்வீஸை எங்கே போடலாம் என்று யோசிக்க வேண்டிய சில நொடிகள் அதிலேயே போய்விடும்.

அவள் நேர்ப்பார்வையில் படாதபடி, பக்கவாட்டில், மேல் வரிசையில் உட்காருங்கள். "நான் ஒண்ணுமே சொல்லலியே" என்பார்கள் பெற்றோர். நெற்றியில் அடித்துக்கொண்டதும் "ச்சே" என்றதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஆட்டத்தின் நடுவே "பின்னால போ" என்று கத்தாதீர்கள். அது காதில் விழுந்து கால் நகர்வதற்குள் பந்து தாண்டிவிடும். பயிற்சியாளர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் குழப்பம் இரட்டிப்பு.

இந்த வாரம் எதைப் பழக்குகிறார் என்று பயிற்சியாளரிடம் முன்பே கேட்டு, அதை மட்டும் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் வெறும் "சூப்பர்" போதாது. "வலைக்கிட்ட பந்தை எடுத்ததும் உடனே நடுவுக்கு வந்துட்டே, பார்த்தேன்" என்று சொல்லுங்கள். தோற்ற புள்ளியிலும் இப்படிப் பாராட்ட ஏதாவது இருக்கும்.

கேள்வி: 11 வயது மகன் கால்பந்தில் தோற்றால் வழியெல்லாம் அழுகிறான். உற்சாகப்படுத்த, ஒரு கோலுக்கு இவ்வளவு என்று பணம் தரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பணம் வைத்தால் பாஸ் கொடுக்க வேண்டிய இடத்திலும் தானே கோலுக்கு அடிப்பான். தடுப்பாட்டக்காரனாக இருந்தால் தன் இடத்தைக் காலி செய்துவிட்டு முன்னே ஓடுவான். தோற்ற அன்று தண்ணீர், சாப்பாடு, "நீ ஆடினதைப் பார்க்க நல்லா இருந்துச்சு" என்ற ஒரு வார்த்தை, அவ்வளவே. அலசல் அவனாகத் தொடங்கட்டும். நடுவரைத் திட்டாதீர்கள், தோல்விக்குக் காரணத்தை வெளியே தேட அவனும் பழகிவிடுவான்.

கேள்வி: மகள் ஆடுவதை வீடியோ எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, உயரமான இடத்திலிருந்து முழு ஆடுகளமும் தெரிய எடுங்கள். அவளை மட்டும் துரத்தினால் எதிராளி நின்ற இடம் பதிவாகாது. பிளாஷ் கூடாது. மற்றப் பிள்ளைகள் தெரிந்தால், அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள்.

கேள்வி: 12 வயது மகன் நன்றாக ஓடுகிறான். கூடுதல் பயிற்சி சேர்க்கலாமா? முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்கிறான்.

பதில்: இப்போது சேர்க்காதீர்கள். வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையோடு இணைந்த தசைநார் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பைப் பற்றும் இடம் ஓட்டத்தாலும் குதிப்பாலும் நோகும். சிலருக்கு அங்கே சின்னப் புடைப்பும் வரும். பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்தாலே தணியும். நொண்டினாலோ, வீங்கினாலோ, இரவில் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகும், வாரப் பயிற்சி நேரம் அவன் வயதைத் தாண்ட வேண்டாம்: 12 வயதுக்கு 12 மணி நேரம் உச்சம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கொடுங்கள்.