மூகா ஸ்கேன்ல ரத்தத்துக்குள்ள கதிரியக்கத்த ஏத்துறாங்களாமே, அம்மாவுக்கு செய்யலாமா?

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதயம் எப்படி பம்ப் பண்ணுதுன்னு பாக்குற இந்த மூகா ஸ்கேன அம்மாவுக்கு எழுதியிருக்காங்க, ரெண்டு ஊசின்னு சொன்னதும் பயந்துட்டாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் நியூக்ளியர் மெடிசின்ல டெக்னீசியன், இத தினமும் செய்யுறவங்கற முறையில சொல்றேன், தைரியமா கூட்டிட்டுப் போங்க.

முதல் ஊசில கதிரியக்கமே கிடையாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்கள்ல, அந்த வெள்ளீயத்தோட உப்புதான் அது. ஒரு இருபது முப்பது நிமிஷத்துல அது சிவப்பணுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் காரீயக் கவசத்துக்குள்ள டெக்னீசியம்ங்கற கதிரியக்கப் பொருள் இருக்கிற சிரிஞ்சுல அம்மா ரத்தம் கொஞ்சம் எடுத்து, பத்து நிமிஷம் நுரை வராம மெதுவா உருட்டிட்டே இருப்போம். டெக்னீசியம் சும்மா இருந்தா சிவப்பணுவுக்குள்ள போகும் வரும், வெள்ளீயம் உள்ள இருந்தா ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கிட்டு வெளிய வராது. சிரிஞ்சு மேல பேர் ஒட்டியிருக்கும், அந்த ரத்தத்த அம்மாவுக்கே திருப்பிப் போடுறதுதான் ரெண்டாவது ஊசி, அப்போ பேர் கேப்போம், எத்தன தடவ கேட்டாலும் சலிக்காம சொல்லச் சொல்லுங்க, ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்கு மாறவே கூடாது.

அப்புறம் ஈசிஜி ஒட்டி அந்தக் கதிர்வீச்ச படமா பிடிக்கிற காமா கேமராவுல படுக்க வைப்பாங்க. ஒவ்வொரு துடிப்பையும் 16 இல்ல 24 துண்டாப் பிரிச்சு நூத்துக்கணக்கான துடிப்ப ஒண்ணு மேல ஒண்ணா சேத்துப் பாத்தா, இடது கீழறை நிறையும்போது எவ்ளோ, சுருங்கும்போது எவ்ளோன்னு கணக்கு வந்துடும், பம்பிங் பர்சன்டேஜ்னு சொல்றோமே அது இதான், 50க்கு மேல இருந்தா பொதுவா நார்மல். டாக்சோரூபிசின், ட்ராஸ்டுசுமாப் மாதிரி புற்றுநோய் மருந்துங்க இதயத்த பலவீனமாக்கலாம், அதனால ஆரம்பத்துல எவ்ளோ இருந்துச்சுங்கற நம்பர் கையில இல்லாம பின்னாடி குறைஞ்சதா இல்லையான்னு சொல்லவே முடியாது.

டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியாகும், மறுநாள் இதே நேரம் பதினாறுல ஒரு பங்குதான் மிச்சம். நெறைய தண்ணி குடிக்கட்டும், அன்னைக்கு மட்டும் பேரப்புள்ளைங்கள மடில வெச்சுக்க வேணாம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஒரு அக்காவுக்கு ஹெப்பாரின், அதாவது ரத்தம் உறையாம இருக்கிற மருந்து, போட்ட லைன் வழியாவே ஊசி போயிடுச்சு, படத்துல இதயம் மங்கலாவும் தைராய்டும் வயிறும் பளிச்சுன்னும் தெரிஞ்சுது, ஹெப்பாரினால சிவப்பணுல ஒட்டாத டெக்னீசியம் எல்லாம் அங்க போயிடும். வேற நாள் திரும்ப வரச் சொன்னப்போ அவங்க மொகத்தப் பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. அம்மாவுக்கு கீமோ போர்ட் (மருந்து ஏத்த தோலுக்கு அடியில வைக்கிறது, அதுலயும் ஹெப்பாரின் இருக்கலாம்) வெச்சிருந்தா உள்ள போனதுமே சொல்லிடுங்க, கையில வேற நரம்பு பாத்துப் போட்டுக்கலாம்.