சொன்னதையே சொல்லும் செய்தி வானொலியை யார் கேட்கிறார்கள்?

நியூயார்க்கின் 1010 வின்ஸ் வானொலியை ஒரு மணி நேரம் கேட்டுச் சலித்துப்போய் இக்கேள்வியை எழுப்பியிருக்கிறீர்கள். ஊருக்குப் புதியவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்; வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். தொடர்ந்து ஒரு மணி நேரம் கேட்டதுதான் பிழை. "இருபத்திரண்டு நிமிடம் தாருங்கள், உலகத்தைத் தருகிறோம்" என்பது அவர்களுடைய பழைய முழக்கம். அதற்குமேல் ஒருவர் உட்கார்ந்து கேட்பார் என்று அவர்களே எதிர்பார்ப்பதில்லை.

1924இல் கிம்பல்ஸ் பல்பொருள் அங்காடியின் வானொலியாகப் பிறந்த நிலையம் அது. 1932இல் ஹெர்ஸ்ட் நிறுவனம் அதை வாங்கித் தன் செய்தி முகமையின் பெயர்ச்சுருக்கத்தைச் சூட்டியது. பெயரில் செய்தி இருந்தாலும், ஐம்பதுகளில் ஆலன் ஃப்ரீட் அங்கே ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகளைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தார். 1965 ஏப்ரல் 19 அன்றுதான் பாட்டை அறவே நிறுத்திவிட்டு, நாள் முழுவதும் செய்தி என்று மாறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மின்வெட்டால் நகரமே இருண்டபோதும், அலைபரப்பி நியூஜெர்சிப் பக்கம் இருந்ததால் ஒலிபரப்பைத் தொடர முடிந்தது.

நான் கண்டது பின்னாளில் வந்த மற்றொரு பெரிய இருட்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் மின்சாரம் போனது. பதினேழு மாடிகளைப் படி வழியே இறங்கித் தெருவுக்கு வந்தால், சரக்கு வண்டிக்காரர் ஒருவர் இரு கதவுகளையும் திறந்துவைத்து வானொலியை உரக்க வைத்திருந்தார். செய்தி வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் செய்திகளை அச்சிட்டுத் தரும் பழைய தட்டச்சுத் தந்திக் கருவியின் 'டக் டக்' ஓசை. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டாண்டுகூட ஆகியிருக்கவில்லை. பயங்கரவாதச் செயல் என்பதற்கு அறிகுறி இல்லை என்ற செய்தியைக் கேட்டதும் எங்கள் கூட்டம் மூச்சுவிட்டது. கேட்டவர்கள் நடையைக் கட்ட, பாலத்தை நோக்கி நடந்துவந்த வேறு சிலர் அதே கலவர முகத்தோடு வந்து நின்றார்கள். வானொலி அவர்களுக்கும் அதையே சொன்னது. அரை மணி நேரம் அங்கேயே நின்றிருந்த எனக்கு மட்டும்தான் அது பழைய செய்தி.

விளம்பரம் செய்கிறேன் என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். அந்நிலையத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆழ்ந்த அலசலுக்கு அங்கே இடமில்லை என்பதையும், விளம்பரங்கள் பொறுமையைச் சோதிப்பவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மனக்குறை வேறு. 1967 முதல் செய்தி சொல்லிவந்த இன்னொரு நியூயார்க் வானொலியான டபிள்யூசிபிஎஸ் 880, 2024 ஆகஸ்டில் அதை நிறுத்தியது. அந்த அலைவரிசை விளையாட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் 8, 18, 28 என எட்டில் முடியும் நிமிடங்களிலும், வின்ஸ் 1, 11, 21 என ஒன்றில் முடியும் நிமிடங்களிலும் சாலை நெரிசலைச் சொல்வது வழக்கம். இரண்டு தளங்கள் கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் நெரிசல் குறைவு மேல்தளமா கீழ்த்தளமா என்று ஒன்றில் கேட்டு, மற்றதில் சரிபார்த்துக்கொள்வேன். இன்றும் எட்டாவது நிமிடத்தில் என் விரல் தானாக 880க்குப் போகிறது. யாரோ பந்தாட்டத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதினொன்றாவது நிமிடம் வருவதற்குள் தளங்கள் பிரியும் இடத்தைக் கடந்துவிடுகிறேன்.